முள் இல்லாத இரை!

மீன் பிடிக்க என்ன வேண்டும்? தூண்டில் வேண்டும். தூண்டிலில் முள் வேண்டும். முள்ளில் இரை வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

ஆனால், முள்ளே இல்லாத இரையைக் கடலில் போட்டு, பத்து அடி நீளமுள்ள மீனைப் படகின் பக்கத்தில் வரவழைக்கிறார்கள்! வந்த மீனுக்கு முன்னால் வேறு ஓர் இரையை வீசுகிறார்கள். அந்த இரையில்தான் முள் இருக்கிறது.

"இது என்ன ஏமாற்று வேலை? மீனை இப்படி மோசம் செய்யலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

"ஏமாற்றாமல் எந்தத் தூண்டில் இருக்கிறது?" என்று சிலர் திருப்பிக் கேட்கிறார்கள்.

இந்த வழக்கில் நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கேளுங்கள்.

ஈட்டி மூக்கு மீன்கள்

முதலில் மீனைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

கடலில் சில மீன்களுக்கு மேல் தாடை ஈட்டி போல நீண்டிருக்கும். அவற்றில் ஒன்றை நம் ஊர்க் கடற்கரையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதுதான் மயில் மீன். முதுகில் பாய்மரம் போல ஒரு பெரிய துடுப்பு இருக்கும். அதை விரித்தால் மயில் தோகை விரித்தது போல் இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

இன்னொன்று மார்லின். இது மயில் மீனுக்கு அண்ணன். உடல் பருமன். பலம் அதிகம். கறுப்பு மார்லின், நீல மார்லின், வெள்ளை மார்லின், வரி மார்லின் என்று பல வகை உண்டு.

மார்லின் எவ்வளவு பெரிதாக வளரும்? தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே காபோ பிளாங்கோ என்ற கடற்கரை ஊர். 1953-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4-ந் தேதி, ஆல்பிரட் கிளாசல் என்ற அமெரிக்கர் அங்கே ஒரு கறுப்பு மார்லினைத் தூண்டிலில் பிடித்தார். எடை 1,560 ராத்தல். அதாவது, சுமார் 700 கிலோ! ஏழு மூட்டை நெல்லைத் தூக்கி நிறுத்தினால் எவ்வளவு கனமோ, அவ்வளவு. அந்தச் சாதனையை இன்று வரை யாரும் முறியடிக்கவில்லை.

எர்னஸ்ட் ஹெமிங்வே எழுதிய "கிழவனும் கடலும்" என்ற கதையை 1958-ம் ஆண்டு சினிமாவாக எடுத்தார்கள். அதில் மார்லின் துள்ளும் காட்சிகளுக்குக் கிளாசல் பிடித்த மீனின் படத்தையும் சேர்த்துக் கொண்டார்கள்.

மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்று நிறையப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. நம்பாதீர்கள். 2015, 2016-ம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்துவிட்டார்கள். அவ்வளவு வேகம் அதற்குக் கிடையாது. சுமார் 30 கிலோமீட்டர்தான். தண்ணீருக்குள் அதுவே பெரிய வேகம். சைக்கிளில் முழு மூச்சோடு மிதிப்பவனைத் தண்ணீருக்குள் நினைத்துப் பாருங்கள்!

அந்த ஈட்டி மூக்கு எதற்கு? கப்பலைக் குத்துவதற்கு அல்ல. சிறு மீன் கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்து, இப்படியும் அப்படியும் வீசும். அடிபட்ட சிறு மீன் நிலை தடுமாறும். உடனே அதை விழுங்கும்.

இப்படி அடித்து விட்டு விழுங்கும் பழக்கம்தான், நாம் பேசப்போகும் வித்தைக்கு அடிப்படை.

பழைய முறை

இந்த மீன்கள் கரையோரம் வராது. ஆழ்கடலுக்குப் போக வேண்டும். அங்கே ஓர் இடத்தில் நிற்காமல் படகை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். படகின் பின்னால் இரைகளை இழுத்துக் கொண்டு போவார்கள். இதுதான் இழுவைத் தூண்டில்.

பழைய முறையில், இழுத்துப் போகிற எல்லா இரையிலும் முள் இருக்கும். மீன் எங்கிருந்தோ பாய்ந்து வரும். எந்த இரையில் விழுகிறதோ, அந்தத் தூண்டிலில் மாட்டும். வருவது பெரிய மீனா, சிறிய மீனா என்று பார்க்க முடியாது. முள் வாயில் மாட்டியதா, கண்ணில் குத்தியதா என்றும் சொல்ல முடியாது.

ஹவாய்த் தீவில் கோனா என்று ஓர் இடம். அங்கே பிளாஸ்டிக்கில் செய்த பொய் இரைகளை இப்படித்தான் வேகமாக இழுத்து, பெரிய பெரிய நீல மார்லின்களைப் பிடிக்கிறார்கள். அதில் கெட்டிக்காரர்கள் அவர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதில் தூண்டில்காரனுக்கு வேலை எப்போது தொடங்குகிறது? மீன் மாட்டிய பிறகுதான்! அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

ஆசைகாட்டி

புதிய முறை என்று சொன்னேன். உண்மையில் அது அவ்வளவு புதிது அல்ல.

அமெரிக்காவில் ஜேன் கிரே என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். முதலில் பல் டாக்டர். பிறகு, குதிரை வீரர்களைப் பற்றிக் கதை எழுதிப் பெரும் பணம் சம்பாதித்தார். சம்பாதித்த பணத்தைக் கடலில் செலவு செய்தார்! 1926-ம் ஆண்டு நியூசிலாந்துக்கு மீன் பிடிக்கப் போனார். அங்கே உள்ளவர்கள் படகை மிதக்க விட்டு, இரையைத் தொங்க விட்டுக் காத்திருப்பார்கள். ஜேன் கிரே படகை ஓட்டிக்கொண்டே, முள் இல்லாத பொம்மை இரைகளையும் சேர்த்து இழுத்தார். மீனுக்கு ஆசை காட்டத்தான் அந்தப் பொம்மைகள்.

இதை ஆங்கிலத்தில் "டீசர்" என்கிறார்கள். நாம் "ஆசைகாட்டி" என்று வைத்துக் கொள்ளலாம்.

இன்றைக்கு ஆசைகாட்டிகள் பல விதமாக வந்துவிட்டன. ரப்பரில் செய்த கணவாய்களை மாலை போலக் கோத்து இழுப்பது ஒரு விதம். தண்ணீரை வாரி இறைத்துச் சத்தம் போடும் கட்டை இன்னொரு விதம். சூரை மீனின் வயிற்றுச் சதையை நீளமாக அறுத்து, பொம்மைக்குள் வைத்துத் தைத்து விடுவதும் உண்டு. மீன் வந்து அடித்தால், வாயில் நல்ல ருசி படும் அல்லவா? ருசி கண்டது திரும்பத் திரும்ப வரும்.

படகின் இரண்டு பக்கமும் நீண்ட கழிகள் சாய்வாக நீட்டியிருக்கும். ஆசைகாட்டிகளின் கயிறு அந்தக் கழிகளின் வழியாகப் போகும். கயிற்றின் மறு முனை, மேல் தட்டில் நின்று படகு ஓட்டும் தலைவனின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். அவன் உயரத்தில் நிற்கிறான். அதனால், தண்ணீருக்குள் வரும் மீன் அவன் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

படகின் சுழல் விசிறி கிளப்புகிற வெள்ளை நுரையும், அதன் இரைச்சலும் மீன்களை இழுக்கும் என்று மாலுமிகள் சொல்கிறார்கள். நுரைக்குள் சிறு மீன் கூட்டம் தத்தளிக்கிறது என்று பெரிய மீன் நினைத்துக் கொள்கிறதாம்.

"இடது பக்கம்!"

இப்போது காட்சியைப் பாருங்கள்.

படகு போய்க் கொண்டிருக்கிறது. பின்னால் நாலைந்து ஆசைகாட்டிகள் துள்ளித் துள்ளி வருகின்றன. ஒன்றிலும் முள் இல்லை. தூண்டில்காரர் பின் தட்டில் நிற்கிறார். பக்கத்தில் ஒரு வாளி. வாளியில் குளிர்ந்த கடல் தண்ணீர். அதில் ஓர் இரை மீன் தயாராகக் கிடக்கிறது. நம் ஊர் முரல் மீனைப் போன்ற ஒரு மீன் அது. அதன் மூக்கின் மேல் முள் கட்டியிருக்கிறது. தூண்டில் கோல் பக்கத்தில் நிற்கிறது.

"இடது பக்கம்!" என்று மேலிருந்து தலைவன் கத்துகிறான்.

இடது பக்க ஆசைகாட்டியின் பின்னால் ஒரு கரிய நிழல். மூக்கு தண்ணீருக்கு வெளியே தெரிகிறது. சடார், சடார் என்று அடிக்கிறது. வெறி பிடித்த மீனின் உடம்பில் நிறம் மாறும். நீல நிறம் மின்சார விளக்கைப் போட்டது போலப் பளிச்சிடும். பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

தலைவன் கயிற்றைச் சுற்றுகிறான். ஆசைகாட்டி படகை நோக்கி வருகிறது. மீனும் கூடவே வருகிறது. இழுத்தால் வேகமாக இழுக்கக் கூடாது. மீன் விட்டு விடும். மெதுவாகவும் இழுக்கக் கூடாது. மீன் வாயில் கவ்விக் கொள்ளும். கவ்வினால், அது பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். போய்விடும். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற தாயின் பொறுமை அந்தத் தலைவனுக்கு வேண்டும்!

அதற்குள் தூண்டில்காரர் வாளியில் இருந்த இரையைப் பின்னால் விடுகிறார். ஆசைகாட்டிக்குப் பக்கத்தில் அது வந்ததும், தலைவன் ஆசைகாட்டியை வெடுக்கென்று தண்ணீருக்கு வெளியே தூக்கி விடுகிறான்.

மீனுக்குத் திகைப்பு. "இங்கே இருந்த கணவாய் எங்கே?" என்று திரும்புகிறது. எதிரே முரல் மீன். ஒரே விழுங்கு!

இந்த முள் வைத்த இரைக்கு "பிட்ச் இரை" என்று பெயர். வீசும் இரை என்று சொல்லலாம்.

இவ்வளவும் நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிஷம் கூட ஆகாது. தலைவன் ஒரு நொடி தாமதித்தாலும் போச்சு. தூண்டில்காரர் கை நடுங்கினாலும் போச்சு. மேலே ஒருவர், கீழே ஒருவர். இருவர் மனமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கணவனும் மனைவியும்

இதில் பேர் வாங்கிய ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கணவர் பெயர் வெப்ஸ்டர் ராபின்சன். டாக்டர். மனைவி பெயர் ஹெலன். அமெரிக்கர்கள். 1962-ம் ஆண்டு பனாமா நாட்டில், பினாஸ் விரிகுடா என்ற இடத்துக்குப் போனார்கள். டாக்டருக்கு ஓர் ஆசை. இறகில் கட்டிய பொய் ஈயை மெல்லிய கோலில் வீசி, ஆற்றிலே சிறு மீன் பிடிப்பார்கள் அல்லவா? அதே கோலால் கடலில் மயில் மீனைப் பிடிக்க வேண்டும் என்பது அந்த ஆசை.

கேட்டவர்களுக்குச் சிரிப்புதான் வந்திருக்கும். இறகு ஈயை எவ்வளவு தூரம் வீச முடியும்? மயில் மீன் நடுக்கடலில் எங்கோ இருக்கிறது. அது பக்கத்தில் வந்தால் அல்லவா வீசுவதற்கு!

பக்கத்தில் வரவழைக்கும் வேலையில் ஹெலன் அம்மாள் கைகொடுத்தார். முள் இல்லாத இரையைக் காட்டிக் காட்டி மீனைப் படகுக்கு அருகே கொண்டு வந்தார்கள். படகை நிறுத்தினார்கள். இரையை எடுத்தார்கள். டாக்டர் இறகு ஈயை வீசினார். மயில் மீன் விழுங்கியது! அதே ஆண்டில் மார்லினையும் அப்படியே பிடித்துக் காட்டினார்.

பேர் என்னவோ டாக்டருக்குத்தான் கிடைத்தது. பாதிப் புகழ் அந்த அம்மாளுக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

இறகு ஈ வீசுகிறவர்களுக்கு இன்றும் ஒரு விதி இருக்கிறது. வீசும்போது படகின் விசை ஓடக் கூடாது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் என்று ஒரு சங்கம் 1939-ம் ஆண்டு தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் விதி இது. படகு இழுத்தால் அது வீச்சு ஆகாது, இழுவை ஆகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குதான்.

நான் ஏன் ஆதரிக்கிறேன்?

பிடித்த மீனை இவர்களில் பெரும்பாலோர் கொண்டு போவதில்லை. கடலிலேயே விட்டு விடுகிறார்கள். குவாதமாலா நாட்டின் பசிபிக் கரை மயில் மீனுக்குப் பேர் போனது. அங்கே விளையாட்டுக்குப் பிடிக்கும் மயில் மீனைத் திரும்ப விட்டே தீர வேண்டும்.

விடுவது என்று முடிவு செய்த பிறகு, ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. விட்ட மீன் பிழைக்கிறதா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடலில் விட்டதும் நீந்திப் போய்விட்டது, சந்தோஷம் என்று கை கழுவ முடியாது. வயிற்றில் முள் குத்திய மீன் ஆழத்தில் போய்ச் சாகும். அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

2005-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெள்ளை மார்லின்களைப் பிடித்து, செய்தி அனுப்பும் கருவியை உடம்பில் மாட்டி விட்டார்கள். ஒரு பகுதி மீன்களைச் சாதாரண வளை முள்ளில் பிடித்தார்கள். மற்ற மீன்களை வட்ட முள்ளில் பிடித்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தார்கள்.

சாதாரண முள்ளில் பிடித்து விட்ட மீன்களில் 100-க்கு 65 வீதம்தான் பிழைத்தன. வட்ட முள்ளில் பிடித்து விட்ட மீன்கள் அத்தனையும் பிழைத்தன!

அது என்ன வட்ட முள்? அதன் கூர் முனை வெளியே நீட்டியிருக்காது. உள் பக்கம் பார்த்து வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும் தொண்டையில் குத்தாது. வழுக்கிக் கொண்டு வெளியே வரும். மீன் திரும்பி ஓடும்போது நரம்பு இறுகும். அப்போது முள் வாயோரத்தில் உருண்டு, கடைவாயில் மாட்டிக் கொள்ளும். கடைவாய் முள்ளால் உயிர் போகாது.

ஆனால் வட்ட முள்ளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரையை மீன் விழுங்கி, திரும்பிப் போக நேரம் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வாயிலிருந்து நழுவி விடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக எண்ணி, பிறகு நரம்பை இறுக்க வேண்டும்.

வேகமாக ஓடும் படகில், கழியில் கட்டி வைத்த தூண்டிலில் யார் எண்ணுவது? யார் காத்திருப்பது? கையில் கோலைப் பிடித்து, மீனைக் கண்ணால் பார்த்து, இரையை விட்டுக் கொடுப்பவரால்தான் அது முடியும். அதாவது, ஆசைகாட்டி முறையில்தான் வட்ட முள் சரியாக வேலை செய்கிறது. நான் இந்த முறையை ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுவே.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நடக்கும் ஈட்டி மூக்கு மீன் போட்டிகளில், இயற்கை இரை வைத்தால் வட்ட முள்தான் போட வேண்டும் என்று 2008-ம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது.

இரண்டாவது காரணம், ஆளைப் பார்த்து ஆயுதம் எடுக்கலாம்!

சின்ன மயில் மீன் வந்தால் மெல்லிய கோலை எடுக்கலாம். பெரிய மார்லின் வந்தால் கனத்த கோலை எடுக்கலாம். வேண்டாத மீன் வந்தால், ஆசைகாட்டியைத் தூக்கி விட்டுப் பேசாமல் இருக்கலாம். அதற்கு ஒரு கீறல் கூட விழாது.

இது சின்ன விஷயம் அல்ல. மெல்லிய நரம்பில் பெரிய மீன் மாட்டினால் மணிக்கணக்கில் போராட வேண்டும். மீன் களைத்துச் சாகும். அல்லது சுறா வந்துவிடும். ஜேன் கிரே 1930-ம் ஆண்டு தாகித்தித் தீவில் 1,040 ராத்தல் மார்லினைப் பிடித்தார். கரைக்கு வந்தபோது அதில் ஒரு பகுதியைச் சுறா தின்றிருந்தது. ஹெமிங்வே கதையில் வரும் கிழவனின் மீனும் சுறாவுக்குத்தானே போயிற்று!

இன்னொன்றையும் கவனியுங்கள். நீல மார்லினில் ஆண் 160 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பெண்தான் பெரிதாக வளரும். ஆகவே, இராட்சத மீன் என்று சொல்லித் தூக்கி நிறுத்திப் படம் பிடித்தவை எல்லாம் அநேகமாகத் தாய் மீன்கள்! இலட்சக்கணக்கில் முட்டையிடும் தாய். அதைப் பிழைக்க விடுவதற்கு எந்த முறை உதவுகிறதோ, அந்த முறைதான் நல்ல முறை.

எனக்குப் பிடிக்காதது

எல்லாவற்றையும் புகழ்ந்து விட்டுப் போக நான் தயாராக இல்லை.

ஆசைகாட்டிகளில் "டிரெட்ஜ்" என்று ஒரு வகை வந்திருக்கிறது. குடைக் கம்பி போல விரிந்த ஒரு சட்டம். அதில் டஜன் கணக்கில் மடவை மீன்களைத் தைத்துக் கட்டுகிறார்கள். தண்ணீருக்குள் இழுத்தால், மீன் கூட்டம் ஒன்று நீந்துவது போலத் தெரியும். மயில் மீன் அதைப் பார்த்து மேலே வரும்.

நன்றாக வேலை செய்கிறது. சந்தேகமே இல்லை. ஆனால், சாயங்காலம் அந்த மடவைகள் என்ன ஆகின்றன? நாள் முழுவதும் இழுபட்டுக் கந்தலான மீனை யார் சமைப்பார்கள்? ஒரு மீனை விளையாட்டுக்கு அழைத்து, மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அதை அழைப்பதற்கு ஒரு கூடை மீனை வீணாக்குகிறார்கள். இது என்ன கணக்கு?

மடவை உழைக்கிறவன் வீட்டுக் குழம்பு. மயில் மீனுக்கு உள்ள மரியாதை மடவைக்கு இல்லையா? பளபளக்கும் பிளாஸ்டிக் பட்டையில் மீன் படம் அச்சடித்து, அதே சட்டத்தில் கட்டினாலும் மீன் வருகிறது. அதைக் கட்டினால் போதாதா?

இரண்டாவது, வந்த மீனையெல்லாம் பிடிக்க வேண்டும் என்ற பேராசை. இந்தப் பக்கம் ஒரு மீன், அந்தப் பக்கம் இரண்டு மீன் வந்தால், மூன்று பேர் மூன்று இரையை வீசுகிறார்கள். நரம்புகள் பின்னிக் கொள்கின்றன. ஒரு மீனோடு போராடும்போது இன்னொரு மீன் நரம்பில் சிக்கித் திணறுகிறது. தேர்ந்தெடுத்துப் பிடிக்க உண்டான முறையில், எண்ணிக்கைக்காகப் பிடித்தால் முறைக்கே அர்த்தம் இல்லை.

ஏமாற்று வேலை என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முள் வைத்த இரையும் ஏமாற்றுதான். முள் இல்லாத இரையும் ஏமாற்றுதான். முள் இல்லாத இரையைக் கடித்த மீன் போய்விடலாம். பத்து மீன் வந்தால் பத்தும் மாட்டுவதில்லை. பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பிப் போகும் மீன்கள் ஏராளம். தப்பித்துப் போக மீனுக்கு இதில் வழி அதிகம்.

"அதற்கு மீனைத் தொந்தரவு செய்யாமலே இருக்கலாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கட்டும். அவர்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. ஒரு உயிரை இழுத்துப் பார்த்து மகிழ்வது எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் பிடிக்கத்தான் போகிறார்கள் என்றால், குறைந்த காயத்தோடு பிடிக்கட்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

நம் மீனவர்கள்

இதைப் படித்து விட்டு, "நம் ஊர் மீனவர்கள் மயில் மீனைப் பிடித்து விற்கிறார்களே, அது தவறா?" என்று யாராவது கேட்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் தூண்டிலில் சூரர்கள். வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அவர்கள் தூண்டிலில் மயில் மீனும் விழும். அது அவர்களுக்கு விளையாட்டு அல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம். படகுக் கடனுக்கு வட்டி. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவனுக்குப் போடுகிற விதியை, பிழைப்புக்குப் பிடிப்பவன் தலையில் சுமத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அமெரிக்கா கூட 2012-ம் ஆண்டு போட்ட சட்டத்தில் இதை யோசித்திருக்கிறது. மார்லின், மயில் மீன் முதலியவற்றை விற்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். ஆனால் ஹவாய்த் தீவு மீனவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2018-ம் ஆண்டு அதையும் கொஞ்சம் இறுக்கினார்கள். அங்கே பிடித்ததை அந்தத் தீவுகளிலேயே விற்க வேண்டும், வெளியே அனுப்பக் கூடாது என்றார்கள்.

படம் எடுக்கும் ஆசை

கடைசியாக, படகுக்குப் பக்கத்தில் மீன் வந்த பிறகு நடக்கும் ஓர் அநியாயத்தைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு நேர்த்தியாக ஆசை காட்டி, வட்ட முள்ளில் பிடித்து, கடைவாயில் மட்டும் காயத்தோடு மீனைக் கொண்டு வருகிறார்கள். பிறகு என்ன செய்கிறார்கள்? நாலு பேர் சேர்ந்து மீனைப் படகுக்குள் தூக்கிப் போடுகிறார்கள்! மடியில் வைத்துக் கொண்டு சிரிக்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். ஒரு படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு படம்.

மீனுக்கு அப்போதுதான் மூச்சு வேண்டும். மைல் கணக்கில் ஓடி வந்தவனின் மூக்கைப் பொத்திக் கொண்டு, "கொஞ்சம் சிரி, படம் எடுக்கிறேன்" என்றால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலில் இதற்குத் தடை இருக்கிறது. திரும்ப விடப் போகிற ஈட்டி மூக்கு மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. மற்ற நாடுகளிலும் படகுக்காரர்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்து வந்தவர் கோபித்துக் கொள்வாரே என்று பயப்படக் கூடாது.

மீனைத் தண்ணீரிலேயே வைத்து, கையுறை போட்ட கையால் மூக்கைப் பிடித்துக் கொள்ள வேண்டும். அந்த மூக்கு குத்தினால் ஆளுக்கும் ஆபத்து. அதனால் பழகின ஆள்தான் பிடிக்க வேண்டும். முள்ளைக் கழற்ற வேண்டும். கழற்ற முடியாவிட்டால் நரம்பை ஒட்ட நறுக்கி விடலாம். பிறகு படகை மெதுவாக முன்னால் செலுத்த வேண்டும். வாய் வழியாகத் தண்ணீர் புகுந்து செவுள் வழியாகப் போகும். கொஞ்ச நேரத்தில் மங்கிப் போன நிறம் திரும்பும். வால் அசையும். அப்போது கையை எடுத்தால் போதும். தண்ணீரில் இருக்கும்போதே படம் எடுத்துக் கொள்ளலாம். பாய்மரத் துடுப்பு விரிந்த படம் அங்கேதான் நன்றாக விழும்.